கதைக்கு 'உம்' கொட்டியவர்கள்

நைனார்பாளையத்தில் எங்கள் ஆயா கதை சொல்ல உட்கார்ந்தால் முதலில் ஓர் ஒப்பந்தம் நடக்கும். கேட்கிற பிள்ளைகள் 'உம்' கொட்ட வேண்டும். ராசகுமாரன் ஏழு மலை தாண்டினான். உம். எட்டாவது மலையில் ஒத்தைக்கண் ராட்சசி. உம். அவள் உயிர் அவள் உடம்பில் இல்லை, எங்கேயோ ஒரு கிளியின் கழுத்துக்குள் இருக்கிறது. இந்த இடத்தில் எங்களில் யாருக்கும் 'உம்' வராது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்போம். ஆயா கதையை நிறுத்திவிட்டு, "தூங்கிட்டீங்களாடா?" என்பார். "இல்ல ஆயா, சொல்லு, அப்பறம்?" என்று நான்கைந்து குரல் ஒன்றாக எழும். கதை மறுபடி நகரும்.

'உம்' என்பதில் எத்தனை வகை உண்டு என்று பிற்பாடுதான் யோசித்தேன். சலித்துப்போன உம் இழுவையாக வரும். பயந்த உம் தொண்டைக்குள்ளேயே நிற்கும். அடுத்தது என்ன என்று அவசரப்படுகிற உம் கதைசொல்லியின் வாக்கியம் முடிவதற்கு முன்னாலேயே விழுந்துவிடும். ஆயா இவற்றையெல்லாம் காதால் எடைபோட்டுக்கொண்டே கதையை வளைப்பார். இழுவை உம் இரண்டு முறை வந்தால் அரண்மனை வருணனை சுருங்கும், பூதம் சீக்கிரம் வந்துவிடும். கேட்பவரின் கருத்து கதை முடிந்த பிறகு சொல்லப்படுவதாக அங்கே இருக்கவில்லை. கதையின் உள்ளேயே இருந்து அதை நடத்திக்கொண்டிருந்தது.

இன்று சிறுவர்களுக்கான ஒரு மாயச் சாகச நாவல் வெளிவந்தால் அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? மதிப்புரை எழுதுபவர், வாங்கிக்கொடுத்த பெற்றோர், வகுப்பில் அறிமுகம் செய்யும் ஆசிரியர், பரிசுக் குழுவினர், தன் சின்ன வயதை நினைத்துக்கொள்ளும் நடுவயதுக்காரர். எவர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் குரல் அந்தப் பேச்சில் கேட்பதேயில்லை. கேட்டாலும், "நன்றாக இருந்தது, நல்ல கருத்து" என்று பெரியவர்களின் வாயிலிருந்து கடன் வாங்கிய ஒரு வரியாகத்தான் கேட்கிறது. சிறு வாசகரின் கருத்துக்குத் தமிழ்க் கதைமரபில் ஓர் இடம் இருந்தது, அச்சுக்கு வந்தபோது அது கைநழுவியது, கேட்கிற முறையை மாற்றிக்கொண்டால் அதை மீட்கலாம் என்பது என் எண்ணம். அதற்கான சான்றுகளைத்தான் இங்கே அடுக்கிப் பார்க்கிறேன்.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வட்டாரத்தில் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரியும். பந்தத்து வெளிச்சத்தில் கிரீடமும் புஜகீர்த்தியும் மின்ன ராஜா திரைக்குப் பின்னாலிருந்து வரும்போது, நீ யார், எந்த நாடு, இங்கே எதற்கு வந்தாய் என்று அவரையே நிறுத்திக் கேட்பவன் அவன். பார்த்துக்கொண்டிருக்கும் சனத்தின் சந்தேகமும் கேலியும் அவன் வாயில்தான் வரும். கூத்து சொல்கிற கதைகளோ முழுக்க முழுக்க மாயம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையில் கூத்தாண்டவராகிய அரவானுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். களப்பலியாகித் தலை வேறு உடல் வேறு ஆன அரவான், அந்தத் தலையின் கண்களாலேயே பதினெட்டு நாள் பாரதப் போரையும் பார்த்தான் என்பது கதை. எந்த நாட்டு ஃபேண்டஸியோடும் தோளுரசி நிற்கக்கூடிய கற்பனை இது. விடிய விடிய அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வெட்டின தலைக்கு எப்படிடா கண்ணு தெரியும்?

வேதாளத்தின் கதை இதைவிட வெளிப்படையானது. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்துக்குள் இருக்கும் இருபத்தைந்து வேதாளக் கதைகளின் அமைப்பைப் பாருங்கள். ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியில் போய் நிற்கிறது. யார் செய்தது சரி, யாருக்குப் பெண் உரியவள், யார் பெரிய தியாகி? பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். கதை கேட்டவன் கருத்துச் சொல்லியே தீரவேண்டும் என்ற விதியை இவ்வளவு அழுத்தமாக வைத்த கதைக்கட்டு உலகத்தில் வேறு எது இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வேதாளத்தைத் தோளில் சுமந்து கதை கேட்கும் ராஜா விக்கிரமாதித்தன் மௌனம் கலைப்பது அவனுடைய தோல்வி என்று சின்ன வயதில் வருத்தப்பட்டிருக்கிறேன். ஒரு நல்ல வாசகனால் வாய் திறக்காமல் இருக்க முடியாது என்பதுதான் அந்தக் கதையின் உள்கணக்கு என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வேதாளத்தை அச்சில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது அம்புலிமாமா. 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய மாத இதழ் அது. இருபத்தைந்து கதைகள் தீர்ந்த பிறகும் வேதாளம் ஓயவில்லை. பல பத்தாண்டுகளுக்கு மாதம் ஒரு புதுக் கேள்வியோடு வந்துகொண்டே இருந்தது. உருவிய வாளும் தோளில் பிணமுமாக நடக்கும் அந்த ராஜாவை வரைந்தவர் ஓவியர் சங்கர். 1924-ல் பிறந்து 2020-ல் மறைந்தார். மறைவுக்குப் பின் 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வேதாளம் ஒரு பக்கம் என்றால் தொடர்கதைகள் இன்னொரு பக்கம். மலைக்குகைகள், மந்திரவாதிகள், விசித்திர மிருகங்கள், உயிர் தப்பி ஓடும் இளைஞர்கள் என்று அந்தத் தொடர்களைத் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்ரமணியம், படம் வரைந்தவர் சித்ரா. எழுதியவர் பெயர் தொடரோடு அச்சாகாது. அதனால் எங்களைப் பொறுத்தவரை அந்தக் கதைகளுக்கு ஆசிரியரே கிடையாது. மழை மாதிரி எங்கிருந்தோ வந்தன.

சின்னசேலத்துப் புத்தகக் கடையில் வாங்கி யாரோ படித்து, யாரோ பைண்டிங் செய்து, பல கைகள் மாறி எங்கள் தெருவுக்கு வந்த ஒரு தொகுப்பு நினைவில் இருக்கிறது. கடைசித் தாள்கள் போயிருந்தன. கதாநாயகன் ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில், பின்னால் வீரர்கள், முன்னால் பாய முடியாத பள்ளம். அவ்வளவுதான் இருந்தது. மக்காச்சோளத் தட்டை அடுக்கியிருந்த களத்தில் உட்கார்ந்து நாங்கள் ஆறேழு பேர் அந்த முடிவைப் பேசிப் பேசித் தீர்த்தோம். பருந்து வந்து தூக்கும் என்றான் ஒருவன். போன மாசமே பருந்து வந்துவிட்டது, மறுபடி வந்தால் நல்லாயிருக்காது என்று மறுத்தாள் என் சித்தப்பா மகள். பள்ளத்துக்கு அடியில் அவன் ஊர் இருக்கும், குதித்தால் வீட்டுக்குப் போய்விடுவான் என்பது அவள் வைத்த முடிவு. அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். ஒரு முறை பயன்படுத்திய தப்பிக்கும் வழியை மறுபடி பயன்படுத்தினால் கதை கெட்டுவிடும் என்று ஒன்பது வயதுப் பெண் சொன்னாளே, அதைக் கைதேர்ந்த விமர்சகர் சொல்லக் கேட்டால் நாம் குறித்துவைத்துக்கொள்வோம். அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "நல்ல கதை, நீதி: துணிவே துணை" என்று எழுதிக் கொடுத்திருப்பாள். பள்ளிக்கூடம் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தது.

தமிழில் தனி நாவலாக எழுதப்பட்ட சிறார் சாகசங்களுக்கு வருவோம். ஜெயமோகனின் 'பனிமனிதன்' இங்கே நல்ல எடுத்துக்காட்டு. தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்து பிறகு நூலானது. பாண்டியன் என்ற ராணுவ அதிகாரி, டாக்டர் திவாகர் என்ற ஆய்வாளர், கிம் என்ற புத்த பிட்சுச் சிறுவன் ஆகிய மூவரும் இமயத்தின் பனிவெளியில் பனிமனிதனைத் தேடிப்போகும் கதை. பின்னாளில் இதே பாண்டியனை வைத்து 'வெள்ளி நிலம்' என்ற இன்னொரு இமயச் சாகசத்தையும் அவர் எழுதினார். பனிமனிதன் வெறும் துரத்தலும் தப்பித்தலுமான கதையாக நிற்பதில்லை. தனித்தனி மனங்களாகப் பிரிந்து கிடக்கும் மனிதர்களுக்கு எதிரே, ஒரே மனமாக இயங்கும் ஓர் உயிர்க்கூட்டம் எப்படியிருக்கும் என்ற கேள்விக்குள் நுழைகிறது. பௌத்தமும் பரிணாமமும் பேராசையும் அதில் பேசப்படுகின்றன.

இந்த மாதிரி நாவலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கருத்துகளுக்கு ஒரு தடம் விழுந்திருக்கிறது. சிறுவர்களுக்கு எழுதியது என்றாலும் பெரியவர்களும் படிக்கலாம் என்பார்கள். நிறையத் தகவல் தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். தத்துவம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கனம் என்று சிலர் தயங்குவார்கள். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அதில் ஒரு முன்முடிவு இருக்கிறது. பிள்ளைகளுக்கு எது கனம் என்பதைப் பெரியவர்கள் தங்கள் தோளில் வைத்துப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். உயிர் உடம்புக்கு வெளியே கிளியின் கழுத்தில் இருக்கிறது என்பதை ஐந்து வயதில் 'உம்' கொட்டி ஏற்றுக்கொண்ட பிள்ளைக்கு, ஆயிரம் உடம்புக்கு ஒரே மனம் என்பது எப்படிக் கனமாகும்? கனம் கருத்தில் இருப்பதைவிட வாக்கியத்தில் இருப்பதுதான் அதிகம். பக்கக்கணக்கில் பாத்திரங்கள் உட்கார்ந்து பேசினால் அங்கே இழுவை உம் வரும். அதே கருத்து ஒரு நிகழ்ச்சியாக நடந்துகாட்டினால் மூச்சடைத்த மௌனம் வரும். இந்த வித்தியாசத்தைப் பெரியவர்களின் மதிப்புரை பிடிப்பதில்லை.

பிள்ளைகள் கேட்பது வேறொரு கேள்வி: நெசமாவா? பனிமனிதன் நிஜமாகவே இருக்கிறானா? இதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லலாம். 1951-ல் எரிக் ஷிப்டன் என்ற மலையேறி எவரெஸ்ட் பகுதியில் பனியில் பதிந்த பெரிய காலடித் தடங்களைப் படமெடுத்து வந்தபோது உலகமே அந்தக் கேள்வியைக் கேட்டது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், பனிமனிதனுடையவை என்று மடங்களிலும் சேகரிப்புகளிலும் பாதுகாக்கப்பட்ட எலும்பு, பல், தோல், முடி, சாணம் ஆகியவற்றின் 9 மாதிரிகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். 8 கரடியினுடையவை, ஒன்று நாயினுடையது. இதைச் சொன்னால் கதை செத்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. தேவதைக் கதைகளைப் பற்றி 1939-ல் ஆற்றிய உரையில், 'ஹாபிட்' நாவலை எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் இந்தக் கேள்வியை எடுத்துப் பேசுகிறார். 'இது நிஜமா' என்று பிள்ளை கேட்கும்போது, பெரும்பாலும் அது தன் ஊரில் இப்போது அப்படி ஒன்று இருக்கிறதா, ராத்திரி தைரியமாகத் தூங்கலாமா என்றுதான் கேட்கிறது என்பது அவர் கருத்து. கதைக்குள் இருக்கும் வரை கதையின் நிஜம் பிள்ளைக்குப் போதும். எங்கள் ஆயாவிடம் நான் கேட்டதும் அதே கேள்விதான். "அந்த ராட்சசி கல்வராயன் மலையிலயா ஆயா இருக்கா?" அவர் யோசிக்காமல் சொன்னார்: "அது அந்தாண்ட, எட்டாவது மலை." வடமேற்கே தெரிந்த நீலக்கோட்டில் மலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

டோல்கீன் பெயர் வந்துவிட்டதால், சிறு வாசகர் ஒருவரின் கருத்து ஒரு மாயச் சாகச நாவலின் தலையெழுத்தையே தீர்மானித்த சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். 'ஹாபிட்' கையெழுத்துப் பிரதி லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் வந்தது. சிறுவர் நூலைச் சிறுவர்தான் எடைபோட வேண்டும் என்பது அவர் கொள்கை. பத்து வயது மகன் ரெய்னரிடம் கொடுத்தார். கூலி ஒரு ஷில்லிங். 1936 அக்டோபர் கடைசியில் அந்தப் பையன் எழுதிக் கொடுத்த சின்னக் குறிப்பை நம்பி நாவலை ஏற்றார்கள். 1937 செப்டம்பரில் வெளிவந்தது. அந்தக் குறிப்பில் பெரும்பகுதி கதைச் சுருக்கம். இன்னார் இன்னாரோடு போனார், பூதங்களோடு சண்டை போட்டார், பணக்காரராகத் திரும்பினார் என்று சொல்லிவிட்டு, வரைபடங்கள் இருப்பதால் வேறு படம் தேவையில்லை, ஐந்திலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று முடிக்கிறான். தன்னைவிடச் சின்னவர்களுக்கு என்று பத்து வயதுக்காரன் சிபாரிசு செய்வதை எந்த ஊர்ப் பிள்ளையிடமும் காணலாம்.

நம் வகுப்பறையில் ஒரு பிள்ளை இப்படி எழுதினால், கதையைத்தான் சொல்லியிருக்கிறாய், கருத்து எங்கே என்று சிவப்பு மையில் கேட்போம். மறுபடி சொல்வதுதான் பிள்ளையின் கருத்து என்பதை மறந்துவிடுகிறோம். எதைச் சொன்னது, எதை விட்டது, எந்த இடத்தில் நான்கு வரி எடுத்துக்கொண்டது, எந்த அத்தியாயத்தை 'அப்பறம் என்னென்னமோ நடந்துச்சி' என்று தாண்டிவிட்டது என்பதையெல்லாம் கூர்ந்து கேட்டால் முழு விமர்சனமும் அங்கே கிடைக்கும். அமெரிக்காவில் ஃபிராங்க் பாம் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். ஓஸ் என்ற மாய நாட்டின் முதல் கதையோடு நிறுத்திக்கொள்ள இருந்தவரைப் பிள்ளைகளின் கடிதங்கள் விடவில்லை. சோளக்கொல்லைப் பொம்மையும் தகர மனிதனும் அப்புறம் என்ன ஆனார்கள் என்று கேட்டுக் கேட்டே 1904-ல் இரண்டாம் நூலை எழுதவைத்தார்கள். அந்த நூலின் முன்னுரையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். 'அப்பறம்?' என்ற ஒற்றைச் சொல்லின் பலம் அது.

தமிழுக்குத் திரும்புகிறேன். சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்கிவருகிறது. அண்மை ஆண்டுகளில் தமிழுக்கான அந்த விருதை மாயப் புனைவுகள் பல முறை பெற்றிருப்பது மகிழ்ச்சியான செய்தி. 2020-ல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2023-ல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2025-ல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. பேசும் மரப்பாச்சி, கீழடியின் பழங்காலத்துக்குள் கொண்டுபோகும் பொம்மை, ஒரே ஒரு சிறகு முளைத்த பள்ளிச் சிறுமி. மாயத்தைக் கண்டு பயந்து நீதிக்கதையே போதும் என்றிருந்த காலத்திலிருந்து நெடுந்தூரம் வந்திருக்கிறோம்.

ஆனால் இந்த நூல்களைப் பற்றிய பேச்சைக் கவனித்தால், பாராட்டு பெரும்பாலும் பயனைச் சுற்றியே இருக்கிறது. மரப்பாச்சிக் கதை பாலியல் தொல்லையிலிருந்து தற்காத்துக்கொள்ளக் கற்றுத்தருகிறது, ஆதன் கதை தமிழர் தொன்மையைச் சொல்கிறது என்று. இரண்டும் உண்மை. முதலாவது நூலின் தேவையைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டியது அது. என் கவலை வேறு. லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்க ஆய்வாளர் வலியுறுத்திவந்த ஒரு பிரிவினை உண்டு. படித்து முடித்தபின் கையில் எதை எடுத்துப் போகிறோம் என்பதற்காகப் படிப்பது ஒரு வகை. படிக்கும் அந்த நேரத்தில் உள்ளே நமக்கு என்ன நடக்கிறது என்பதற்காகப் படிப்பது இன்னொரு வகை. மருந்துச் சீட்டைப் படிப்பது முதல் வகை, கதையைப் படிப்பது இரண்டாம் வகை. பேசும் பொம்மையை மருந்துச் சீட்டாக மட்டும் படிக்கச் சொன்னால், அந்தப் பொம்மை ஏன் அந்தச் சிறுமியிடம் மட்டும் பேசியது என்று பிள்ளை கேட்பதற்கு இடமில்லாமல் போகும். அந்தக் கேள்வியிலிருந்துதான் நம்பிக்கையும் ரகசியமும் பற்றிய பேச்சு தானாகத் தொடங்கும். ஆசிரியரும் பெற்றோரும் அவசரப்பட்டுப் பாடத்தை எடுத்து வெளியே வைத்துவிடுவதால், நூலாசிரியர் அரும்பாடுபட்டுக் கட்டிய மாயம் வீணாகிறது.

எந்தப் பிள்ளைகளின் கருத்து என்பது இன்னொரு கேள்வி. கல்வராயன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே சொல்லிவரும் கதை ஒன்றுண்டு. அண்ணன் தம்பிகள் மூவர் மலையேறி ஆளுக்கொரு மலையாகப் பிரிந்தார்கள். யார் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று பரம்பரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்த இந்த மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. நாடு விடுதலையடைந்து ஏறக்குறைய முப்பதாண்டு வரை தனக்கென்று ஜாகிர்தார்களோடு இருந்த ஒரு நிலம். சாகச நாவல் எழுதுபவர் இதைவிட என்ன கேட்பார்?

ஆனால் நம் சிறார் சாகசங்களில் மலையும் காடும் வருகிற விதத்தைப் பாருங்கள். நகரத்துப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் மாமா வீட்டுக்கு வருவார்கள். காட்டுக்குள் போவார்கள். வழி காட்ட ஒரு மலைச் சிறுவன் கிடைப்பான். மர்மத்தைக் கண்டுபிடிப்பவர்கள் இவர்கள், கூட வருபவன் அவன். கல்வராயன் மலையின் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் இந்தக் கதையைப் படிக்கும் பிள்ளை எங்கே நின்று அதைப் படிப்பது? காடு அந்தப் பிள்ளைக்கு மாயம் கிடையாது. கடுக்காய் பொறுக்கப் போகிற இடம், ஆடு தொலைந்தால் தேடுகிற இடம். அந்தப் பிள்ளைக்கு மாய உலகம் ஒருவேளை கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையமாக இருக்கலாம். புத்தகங்கள் பிள்ளைக்குக் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990-ல் எழுதினார். கறுப்பினப் பிள்ளைகள் தங்கள் முகத்தையே காணாத நூல்களைப் படித்து வளர்வதை மனத்தில் வைத்துச் சொன்னது. நம் மலைப்பிள்ளைகளுக்கு அச்சில் கண்ணாடி இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் 'காட்டுச் சாகசம் பிடித்ததா' என்று கேட்டு, பதில் சுரத்தில்லாமல் வந்தால், வாசிப்பு ஆர்வம் குறைவு என்று குறிப்பெழுதுவது பெரிய அநியாயம்.

இதற்கு முன்னால் நிற்கும் தடையையும் மறைக்கக் கூடாது. நாவலைப் பற்றிக் கருத்துச் சொல்ல முதலில் நாவலைப் படிக்க முடிய வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் ஆய்வறிக்கையின்படி, தமிழகக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் படிக்கக்கூடியவர்கள் கொரோனாவுக்குப் பிந்தைய 2022-ல் ஏறத்தாழ கால்வாசிப் பேர். 2024-ல் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டியது. மீதிப் பிள்ளைகளுக்கு நூற்றைம்பது பக்க நாவல் பூட்டிய வீடு. அரசும் சும்மா இருக்கவில்லை. 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, அதைத் தொடர்ந்து 2023-ல் வந்த வாசிப்பு இயக்கம் இரண்டும் உருப்படியான முயற்சிகள். வாசிப்பு இயக்கத்தின் சின்னஞ்சிறு கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இவ்வளவு அழகான பெயர்களை அரசுத் திட்டம் ஒன்றில் நான் பார்த்ததில்லை. ஆனால் 'பற' என்ற படியிலும் புத்தகம் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ஒரு முழுச் சாகச நாவலுக்குப் போகும் பாலம் இன்னும் போடப்படவில்லை.

அந்தப் பாலம் காது வழியாகத்தான் போக முடியும் என்று நம்புகிறேன். தானாகப் படிக்க இயலாத பிள்ளையும் நாவலைக் கேட்க முடியும். தினம் ஓர் அத்தியாயம், உரக்க, நிறுத்தி நிறுத்தி. எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைதான் கதையின் ஓட்டையை முதலில் கண்டுபிடிக்கும். கேட்டு முடித்ததும் என்ன கேட்பது என்பதற்கு ஏய்டன் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1993-ல் எழுதிய 'டெல் மீ' என்ற நூலில் எளிய வழி சொல்லியிருக்கிறார். 'ஏன்' என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள் என்கிறார். 'ஏன் பிடித்தது' என்றால் பிள்ளை தேர்வு எழுதத் தொடங்கிவிடும். 'சொல்லேன்' என்று ஆரம்பியுங்கள். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எந்த இடம் குழப்பியது, எது எதோடு ஒத்துப்போகிறது. கடைசி இரண்டில்தான் பொக்கிஷம் இருக்கிறது. குழம்பிய இடத்தை வெட்கமில்லாமல் சொல்லலாம் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகளின் பேச்சே மாறிவிடும். நம் கட்டியங்காரன் செய்வதும் இதுதானே? எதிரே வருவது ராஜாவே ஆனாலும், எனக்குப் புரியவில்லை, நீ யார் சொல்லு என்று நிறுத்துகிறான்.

போன கோடையில் நைனார்பாளையத்தில் உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் நான்கு நாள் மாலையில் பனிமனிதனை உரக்கப் படித்தேன். ஆய்வு என்று பெயர் சூட்டுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. தெருப்பிள்ளைகள் ஐந்து பேர், வயது ஏழிலிருந்து பன்னிரண்டு. முதல் நாள் உம் கொட்டச் சொன்னபோது சிரித்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது கூச்சம். இரண்டாம் நாள் பழகிவிட்டது. உரையாடல் நீண்ட ஒரு பகுதியில் ஏழு வயதுக்காரன் எழுந்து போய்க் கோழியைத் துரத்திவிட்டு வந்தான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

பனியில் காலடித் தடம் வருகிற பகுதியைப் படித்தபோது திண்ணையில் சத்தமே இல்லை. பதினோரு வயதுப் பெண் ஒருத்தி உள்ளே போய்க் கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். தெருவில் இறங்கி, "எம்மாம் பெருசு மாமா?" என்று கேட்டாள். நீயே போடு என்றேன். குதிகாலில் தொடங்கி, விரல்களுக்கு ஐந்து வட்டம் வைத்து, திண்ணை நீளத்துக்கு ஒரு காலை வரைந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக அதற்குள் ஏறி நின்றார்கள். "இன்னொரு காலு எங்க?" என்று கேட்டான் கோழி துரத்தியவன். எல்லோரும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கிண்ணத்தோடு நடக்கத் தொடங்கினாள். பத்து வீடு தள்ளி, மாரியம்மன் கோயில் திருப்பத்தில் போய் நின்று, இங்கே என்று கையைக் காட்டினாள்.